கிராண்டில் எத்தனை ஆண்டு மீதி?



நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய மளிகைக் கடை வைத்திருப்பவன். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் கற்றதுதான் என் படிப்பு. சட்டம் படித்தவனல்லன். ஆயினும் சொந்த அனுபவத்தில் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பாடத்தை நம்மவர்களுக்குச் சொல்லாமலிருப்பது சரியல்ல என்று தோன்றியதால் எழுதத் துணிந்தேன். பிழையிருப்பின் விஷயமறிந்தவர்கள் திருத்துவார்களாக.

கடைக்குச் சரக்கு வந்து இறங்கினால் நான் முதலில் பார்ப்பது காலாவதித் தேதியைத்தான். பிஸ்கட் டின்னானாலும் சரி, பால்மாவானாலும் சரி, தேதி பாராமல் உள்ளே எடுத்து வைக்க விடமாட்டேன். ஆனால் எங்கள் குடும்பத்தின் பெரிய சொத்து எதுவோ, அதன் காலாவதித் தேதியை நான் பல ஆண்டுகளாகப் பார்க்கவேயில்லை.

எங்கள் அத்தா மர்ஹூம் அவர்கள் 1998-ஆம் ஆண்டு கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினார்கள். தரகர், "தொண்ணூற்றொன்பது வருஷத்துக் கிராண்ட் பாய், பேரப்பிள்ளை காலம் வரைக்கும் கவலையில்லை" என்று சொன்னாராம். அத்தா நம்பினார்கள். நாங்களும் நம்பினோம். 2015-இல் அத்தா மௌத்தானார்கள். கிராண்ட் இரும்புப் பெட்டியிலேயே கிடந்தது. 2024-இல் இன்னொரு கடை எடுப்பதற்காக அந்த வீட்டை ஈடு வைக்க எண்ணி ஒரு வங்கிக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டே விஷயம் சொன்னார். ஒன்று, வீடு இன்னும் இறந்தவர் பெயரில் இருக்கிறது. இரண்டு, குத்தகை 2075-இல் முடிகிறது; மீதி 51 ஆண்டுதான்; பெயரை மாற்றிக்கொண்டு வந்தாலும் கடன் கிடைப்பது சிரமம்.

தொண்ணூற்றொன்பது ஆண்டு என்பது அத்தா வாங்கிய நாளிலிருந்து அல்ல, நிலத்தை அரசு முதன்முதல் கொடுத்த 1976-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அத்தா வாங்கியபோதே 77 ஆண்டுதான் இருந்திருக்கிறது. அவர்கள் மௌத்தானபோது 60. அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டு எங்கள் அசட்டையால் போயிற்று.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

குத்தகை நிலம் என்றால் என்ன?

இந்நாட்டில் நிலத்தை ஆளுவது தேசிய நிலச் சட்டம். அது 1966 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 2020-இல் திருத்திப் பதிப்பிக்கப்பட்டு இப்போது 828-ஆவது சட்டம் என்று வழங்குகிறது. அதன்படி அரசு ஒருவருக்கு நிலம் கொடுப்பது இரண்டு வகை. ஒன்று என்றென்றைக்குமாகக் கொடுப்பது. மற்றது ஒரு காலக்கெடு வைத்துக் கொடுப்பது. காலக்கெடு 99 ஆண்டுக்கு மேற்படக் கூடாது. 30 ஆண்டு, 60 ஆண்டு என்று குறைத்துக் கொடுத்த நிலங்களும் உண்டு.

காலக்கெடு முடிந்தால் நிலம் மாநில அரசுக்குத் திரும்பிவிடும் என்று அச்சட்டத்தின் 46-ஆம் பிரிவு சொல்லுகிறது. மதரஸாவில் ஓதியவர்களுக்கு இஜாரா என்றால் விளங்கும். குறித்த தவணைக்கு, குறித்த பயனை அனுபவிப்பது. தவணை தீர்ந்தால் பொருள் உடையவனிடம் போய்ச் சேரும். குத்தகை நிலத்தின் போக்கும் ஏறக்குறைய அதுவே. வித்தியாசம் என்னவென்றால், தவணை நீண்டதாயிருப்பதால் நாம் அதைச் சொந்தம் என்றே எண்ணி மறந்துவிடுகிறோம்.

கிராண்டைப் படிக்கும் முறை

கிராண்ட் மலாயில் இருக்கிறது, நமக்கு விளங்காது என்று ஒதுக்க வேண்டாம். பார்க்க வேண்டியவை நான்குதான்.

முதலாவது, தலைப்பு. கெரான் என்றோ கெரான் முக்கிம் என்றோ இருந்தால் பெரும்பாலும் அது நிரந்தர உரிமை. பஜாக்கான் நெகிரி என்றோ பஜாக்கான் முக்கிம் என்றோ இருந்தால் அது குத்தகை. நில வரி ரசீதில் ஜி.ஆர்.என்., ஜி.எம்., பி.என்., பி.எம். என்று சுருக்க எழுத்தாக இருக்கும். எச்.எஸ்.டி., எச்.எஸ்.எம். என்றிருந்தால் அது இறுதி அளவைக்கு முந்திய தற்காலிகக் கிராண்ட். அது இரண்டு வகையாகவும் இருக்கலாம். உள்ளே படித்துத்தான் அறிய வேண்டும்.

இரண்டாவது, காலம். நிரந்தர நிலமாயின் "செலாமா-லாமாஞா" என்றிருக்கும். குத்தகையாயின் எத்தனை ஆண்டு என்பதும் முடியும் தேதியும் இருக்கும். அந்தத் தேதியை ஒரு பென்சிலால் கோடிட்டு வையுங்கள்.

மூன்றாவது, செக்காத்தான் எனப்படும் கட்டுப்பாடு. குத்தகைக் கிராண்ட் பலவற்றில், மாநில அரசின் அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று எழுதியிருக்கும். வீடு விற்க நினைத்து முன்பணம் வாங்கிய பிறகு இதைக் கண்டு திகைத்தவர்கள் அநேகர்.

நான்காவது, பெயர். கிராண்டில் யார் பெயர் இருக்கிறது? அவர் உயிரோடு இருக்கிறாரா? இதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

கையிலுள்ள காகிதம் பழையது என்று சந்தேகமிருந்தால் நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்திச் சாரியான் எடுத்துக்கொள்ளலாம். இன்றைய நிலவரம் அதில் வரும்.

ஆண்டு குறைந்தால் என்ன கெட்டுப்போகும்?

குடியிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கூரை அதே கூரை, கதவு அதே கதவு. வியாபாரியான நமக்குத்தான் முதலில் சுடும். மீதி ஆண்டு குறையக் குறைய வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். நமக்கு மட்டுமல்ல, நம்மிடம் வாங்க வருகிறவருக்கும் தயங்கும். கடன் கிடைக்காத வீட்டை ரொக்கம் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும். அவர் கேட்பதுதான் விலை. அவசரத்துக்கு உதவும் என்று சேர்த்து வைத்த சொத்து அவசரத்தில் உதவாமற்போகிறது.

எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும், வீட்டிலிருப்பவர்களை வெளியேற்றவா போகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். ஜொகூர் பாலத்தைத் தாண்டி அண்டை நாட்டில் நடந்ததைப் பாருங்கள். சிங்கப்பூரில் கேலாங் லோரோங் 3-இல் 191 வரிசை வீடுகள் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்தன. தவணை 2020 டிசம்பர் 31-இல் முடியும், நீட்டிப்பு இல்லை என்று அந்நாட்டு நில ஆணையம் 2017-இலேயே அறிவித்தது. சொன்னபடி அந்நாளில் நிலம் அரசுக்குத் திரும்பியது. சொந்தக்காரர்களுக்கு நஷ்ட ஈடு இல்லை. அந்த இடம் பொது வீடமைப்புக்கென்று ஒதுக்கப்பட்டது. தவணை நெருங்கிய காலத்திலும் அவ்வீடுகளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அங்கே சட்டம் வேறு, இங்கே சட்டம் வேறு என்பது உண்மை. ஆனால் தேதி என்பது தேதிதான்.

நீட்டிப்பது எப்படி?

இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. முன்பெல்லாம் குத்தகையை நீட்ட வேண்டுமானால் நிலத்தை ஒரு கையால் அரசுக்குத் திருப்பிக் கொடுத்து, மறு கையால் புதிய தவணைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். 2016-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2017 ஜனவரி 1 முதல் 90ஏ என்னும் புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தவணை முடிவதற்கு முன்பே, நிலத்தைத் திருப்பிக் கொடுக்காமலேயே, நீட்டித்துத் தரும்படி விண்ணப்பிக்கலாம்.

ஆனால் இதை உரிமை என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் குத்தகை அடுக்குமாடி வீட்டுக்காரர் தகுதியுடையவராயிருந்தால் அவருக்குத் தவணையை நீட்டிக் கொடுத்தே தீர வேண்டும் என்று 1993-ஆம் ஆண்டுச் சட்டம் நில உடைமையாளரைக் கட்டுப்படுத்துகிறது. அங்கே நில உடைமையாளர் பெரும்பாலும் தனியார். இங்கே நிலத்தைக் கொடுத்தது அரசு. நாம் கேட்கலாம், கொடுப்பதும் மறுப்பதும் அரசின் முடிவு. அந்த நிலத்தைச் சாலைக்கோ வேறு பொதுக் காரியத்துக்கோ அரசு திட்டமிட்டிருந்தால் மறுக்கவும் கூடும். ஆகவேதான் காலத்தோடு கேட்பது நல்லது. மறுத்தாலும் அடுத்த வழி பார்க்க ஆண்டுகள் இருக்கும்.

எந்த வாசலைத் தட்டுவது என்பதிலும் ஒரு விஷயம் உண்டு. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. எனவே பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கத்துச் சொத்துக்குக் கூட்டரசுப் பிரதேச நில, கனிம இயக்குநர் அலுவலகம். கிள்ளான் சொத்துக்குச் சிலாங்கூர் அரசின் கீழுள்ள கிள்ளான் மாவட்ட நில அலுவலகம். ஒரே இரயிலில் போய்வரும் இரண்டு ஊர்களானாலும் விதிகளும் கட்டணமும் ஒன்றல்ல. நண்பருக்குக் கோலாலம்பூரில் நடந்ததை வைத்துக் கிள்ளானில் கணக்குப் போடாதீர்கள்.

விண்ணப்பத்துடன் கிராண்டின் நகல், அடையாள அட்டை, அவ்வாண்டு நில வரி செலுத்திய ரசீது ஆகியவை வேண்டும். வீடு வங்கியில் அடமானமாயிருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் வேண்டும். நில வரி பாக்கி இருக்கவே கூடாது. பாக்கிக்காக அறிவிப்பு வந்தும் செலுத்தாவிட்டால் நிலத்தையே பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. நகராண்மைக் கழகத்துக்குக் கட்டும் வரி வேறு, நில வரி வேறு. ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதைக் கட்டியதாக எண்ணிவிடக் கூடாது.

பிரிமியம் என்னும் செலவு

அரசு சம்மதித்தால் ஒரு தொகை கட்டச் சொல்லும். அதற்குப் பிரிமியம் என்று பெயர். நிலத்தின் மதிப்பு, அளவு, கூட்டித் தரும் ஆண்டுகள், வீடா கடையா என்ற வகை ஆகியவற்றை வைத்து அந்தந்த மாநில விதிப்படி கணக்கிடுவார்கள். தாமதம் நமக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை ஒரு கடைக் கணக்காகப் பார்ப்போம்.

மீதி 51 ஆண்டு இருக்கிறபோது 99-ஆக்க வேண்டுமானால் கூட்ட வேண்டியது 48 ஆண்டு. அதையே 30 ஆண்டு மீதி இருக்கும் வரை தள்ளிப்போட்டால் கூட்ட வேண்டியது 69 ஆண்டு. அந்த இடைக்காலம் 21 ஆண்டு. அதற்குள் நில விலை இரண்டு மடங்காகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய கணக்கு 48 பங்கு என்றால், அன்றைய கணக்கு 69-ஐ இரண்டால் பெருக்கி 138 பங்கு. ஏறக்குறைய மூன்று மடங்கு. பொறுத்திருந்தால் சரக்கு மலியும் என்பது சில சாமான்களுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

குடியிருப்பவர்களுக்குச் சலுகையும் உண்டு. சிலாங்கூர் மாநில அரசு, குடியிருப்பு வீட்டுக்காரர்கள் 1,000 வெள்ளி மட்டும் கட்டித் தவணையை நீட்டிக்கொள்ளவும், மீதிப் பிரிமியத்தை வீட்டை விற்கும்போது கட்டவும் ஒரு திட்டம் வகுத்தது. கடைகளுக்கு அது பொருந்தாது. சலுகைகள் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் அலுவலகத்திலேயே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தரகர் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

அனுமதி கிடைத்தபின் பிரிமியத்தைக் குறித்த தவணைக்குள் கட்டிவிட வேண்டும். தவறினால் பட்ட பாடெல்லாம் வீணாகும். கையில் பணத்தைச் சேர்த்துக்கொண்டு விண்ணப்பிப்பதே புத்தி.

அடுக்குமாடியில் தனியாக ஓட முடியாது

தரை வீட்டுக்கும் தனிக் கடைவீட்டுக்கும் உரிமையாளர் தாமே விண்ணப்பிக்கலாம். அடுக்குமாடி அப்படியல்ல. அங்கே நம் கையிலிருப்பது 1985-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா சட்டப்படி கொடுக்கப்பட்ட கிராண்ட். அதன் எண்ணில் கட்டடம், மாடி, வீடு என்று மூன்றும் வரும். ஆனால் கட்டடம் நிற்கும் நிலம் ஒன்றே. அதன் மூலக் கிராண்ட் நிர்வாகக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில்தான் தவணை தீரும். ஆகையால் நீட்டிப்பதும் எல்லாரும் கூடிச் செய்ய வேண்டிய காரியம். ஒருவர் அக்கறைப்பட்டு நூறு பேர் அசட்டையாயிருந்தால் அந்த ஒருவரும் சேர்ந்தே நஷ்டப்படுவார்.

நம்மவர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போவதில்லை. கடையை விட்டு வர முடியாது என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பராமரிப்புப் பணத்தை ஒழுங்காகக் கட்டி, கூட்டத்துக்குப் போய், "நம் நிலத்தில் எத்தனை ஆண்டு மீதி? நீட்டிப்பைப் பற்றி எப்போது பேசப் போகிறோம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சீனரும் மலாய்க்காரரும் நம்மவரும் கூடியிருக்கும் சபையில் இது எல்லாருக்கும் பொதுவான கேள்வி. ஸ்ட்ராட்டா கிராண்டே இன்னும் வராத பழைய அடுக்குமாடியாயிருந்தால், முதலில் அதைப் பெறும் வேலையைத் தொடங்க வேண்டும்.

இறந்தவர் பெயரில் இருந்தால்

இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி இதுவே. நில அலுவலகம் கேட்பது கிராண்டில் பெயருள்ளவரின் கையெழுத்தை. அவர் மௌத்தாகியிருந்தால் யார் கையெழுத்துப் போடுவது? மூத்த மகன் போட முடியாது. சாவி வைத்திருப்பவர் போட முடியாது. முதலில் சொத்து வாரிசுகள் பெயருக்கு வர வேண்டும்.

இதற்கென்றே 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டம் இருக்கிறது. வசியத்து எழுதாமல் இறந்தவரின் சொத்தில் வீடோ நிலமோ இருந்து, மொத்த மதிப்பு 50 இலட்சம் வெள்ளிக்கு மேற்படாமலிருந்தால் இதன் கீழ் விண்ணப்பிக்கலாம். முன்பு 20 இலட்சமாக இருந்த எல்லை 2024 ஜூலை 15 முதல் உயர்த்தப்பட்டது. கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதுமில்லை. அதிகாரி வாரிசுகளை அழைத்து விசாரித்து, பராயிள்படி பங்கு பிரித்து உத்தரவு கொடுப்பார்.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்லுகிறேன். அத்தாவுக்கு வாரிசு எங்கள் அம்மா, நானும் தம்பியும், ஒரு தங்கை. வீட்டை 40 பங்காக்கினால் எட்டில் ஒன்றாகிய 5 பங்கு அம்மாவுக்கு. மீதி 35-இல் எனக்கு 14, தம்பிக்கு 14, தங்கைக்கு 7. மதரஸாவில் படித்த காலத்தில் இந்தக் கணக்கை மனப்பாடமாய்ச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அத்தா மௌத்தாகி ஒன்பது ஆண்டு வரை அதை நிறைவேற்றவில்லை. யாரும் கேட்கவில்லை, வீடு எங்கே ஓடிப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

வீடு ஓடித்தான் போய்க்கொண்டிருந்தது. ஆண்டுக்கு ஓர் ஆண்டாகக் குறைந்துகொண்டிருந்தது. குறைந்தது என் 14 பங்கு மட்டுமா? தங்கையின் 7 பங்கும், அம்மாவின் 5 பங்கும், தம்பியின் 14 பங்கும் என் பெட்டிக்குள்ளேயே தேய்ந்தன. அடுத்தவர் அமானிதத்தை வைத்திருப்பவன் அதைக் கெட்டுப்போக விடலாகாது என்பதை நாம் எல்லாரும் அறிவோம். திருகுர்ஆனிலேயே நீளமான ஆயத்து, அல்பகறா சூராவில், கொடுக்கல் வாங்கலைத் தவணை குறித்து எழுதி வைப்பதைப் பற்றியது என்பதையும் அறிவோம். அறிந்திருந்தும் காகித விஷயத்தில் நாம் காட்டும் அசட்டைக்கு என்ன பதில் சொல்வது?

இவ்வாரமே செய்ய வேண்டியவை

1. கிராண்டை வெளியே எடுத்து, நிரந்தரமா குத்தகையா என்று பாருங்கள். குத்தகையாயின் முடியும் ஆண்டை எழுதி, பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

2. கிராண்டில் இறந்தவர் பெயரிருந்தால், நீட்டிப்பை யோசிக்குமுன் பங்குப் பிரிவினைக்கு விண்ணப்பியுங்கள்.

3. நில வரியும் பராமரிப்புப் பணமும் பாக்கி இல்லாமல் தீருங்கள்.

4. அடுக்குமாடியாயின் அடுத்த பொதுக்கூட்டத்தில் நீட்டிப்பைப் பற்றிக் கேளுங்கள்.

5. புதிதாக வீடோ கடையோ வாங்குகிறவர்கள், விலையைக் கேட்குமுன் மீதி ஆண்டைக் கேளுங்கள். சாரியான் எடுத்துப் பாராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எங்கள் காரியம் இன்னும் முடியவில்லை. பங்குப் பிரிவினைக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அதற்காகத் தங்கையிடம் பிறப்புப் பத்திரம் கேட்கப் போனபோது, "என் பங்கை நான் கேட்கவில்லையே அண்ணே" என்றாள். "நீ கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டியது என் கடமை, தாமதித்தது என் தவறு" என்று சொல்லி வாங்கி வந்தேன். அடுக்குமாடிக் கூட்டத்திலும் பேச்சைத் தொடங்கியிருக்கிறோம். இரண்டு கூட்டம் நடந்தது. முதற் கூட்டத்துக்கு வந்ததைவிட இரண்டாவதற்கு ஆட்கள் கூடுதல். இன்ஷா அல்லாஹ் நல்லபடி முடிந்தால் அந்த விவரத்தையும் இவ்வேட்டில் எழுதுகிறேன்.

எனக்குச் சொல்ல ஆளில்லாமல் ஒன்பது ஆண்டு போயிற்று. இதைப் படிக்கும் சகோதரர்கள் இன்றிரவு கடை அடைத்து வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து கிராண்டைப் பார்த்தால் நான் எழுதியதன் பயன் கிடைத்தது.

வஸ்ஸலாம்.